கறுப்பு அழகி ஜெயித்த ராத்திரி

(பெண்கள் கருத்தரங்கு ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



போன கூட்டத்தில் ஒரு தங்கச்சி கேட்ட கேள்விக்குத்தான் இன்றைக்குப் பதில் சொல்லப் போகிறேன். அன்று அழகிப் போட்டியைப் பற்றிப் பேசினேன். அது பெண்ணைச் சரக்காக்குகிறது, சோப்பும் கிரீமும் விற்கிறவனுக்காக நடக்கிறது என்று சொல்லி முடித்தேன். அவள் எழுந்து நின்றாள். "அக்கா, நீங்க சொல்றதெல்லாம் சரி. ஆனா 2019ல தென்னாப்பிரிக்காவிலேருந்து வந்த அந்தக் கறுப்புப் பொண்ணு, ஒட்ட வெட்டின சுருட்டை முடியோட பிரபஞ்ச அழகியா நின்னப்ப எனக்கு அழுகை வந்துடுச்சு. அது தப்பா?" என்றாள். கூட்டத்தில் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பள்ளிக்கூட ஆண்டு விழா நடனத்தில், 'நீ பின்னாடி வரிசைக்குப் போ, உன் மூஞ்சி வெளிச்சத்துல தெரியாது' என்று அனுப்பப்பட்டவள் நான்.

அவள் சொன்ன பெண் சோசிபினி துன்சி. அவரைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் 1970ஆம் ஆண்டுக்குப் போக வேண்டும். நவம்பர் 20, லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹால். உலக அழகிப் போட்டி.

இந்தப் போட்டி எப்படித் தொடங்கியது? 1951இல் பிரிட்டனில் ஒரு தேசியத் திருவிழா நடந்தது. அதையொட்டி, நடன அரங்குகள் நடத்திய மெக்கா என்ற கம்பெனியின் எரிக் மோர்லி நீச்சலுடைப் போட்டி ஒன்றை வைத்தார். கூட்டம் சேர்க்க வைத்த போட்டி அது. பிறகு வருசா வருசம் நடந்தது. பிபிசி ஒளிபரப்பியது. கோடிக்கணக்கான குடும்பங்கள் சாப்பாட்டுத் தட்டோடு உட்கார்ந்து பார்க்கிற நிகழ்ச்சியாகிவிட்டது.

1970ஆம் ஆண்டு தொடக்கத்தில்தான் ஆக்ஸ்போர்டு ரஸ்கின் கல்லூரியில் பிரிட்டன் பெண் விடுதலை இயக்கத்தின் முதல் மாநாடு நடந்திருந்தது. அந்த இயக்கத்துப் பெண்கள் நவம்பரில் டிக்கெட் வாங்கி, நல்ல உடை உடுத்தி, அரங்குக்குள் ஆங்காங்கே போய் உட்கார்ந்தார்கள். கைப்பையில் மாவுப் பொட்டலம், தண்ணீர்த் துப்பாக்கி, துண்டறிக்கை. மேடையில் அமெரிக்க நகைச்சுவை நடிகர் பாப் ஹோப். 'மாட்டுச் சந்தைக்கு வந்திருக்கேன், உள்ளே போய்க் கன்னுக்குட்டிகளைப் பார்த்துட்டு வர்றேன்' என்கிற தரத்தில் அவருடைய ஜோக்குகள். ஒருத்தி கிலுகிலுப்பையைச் சுழற்றினாள். அதுதான் சைகை. மாவும் புகையும் துண்டறிக்கையும் பறந்தன. பாப் ஹோப் மேடையை விட்டு ஓடப் பார்த்தார். நாங்கள் அழகிகளும் இல்லை, அசிங்கமானவர்களும் இல்லை, எங்களுக்கு வந்திருப்பது கோபம் என்பதுதான் அந்தப் பெண்களின் முழக்கம். ஐந்து பேர் கைதானார்கள். அவர்கள் மீது வழக்கு நடந்தது.

கேட்கும்போதே கை தட்டத் தோன்றுகிறது, இல்லையா? எனக்கும் தோன்றியது. ஆனால் கொஞ்சம் பொறுங்கள். அதே ராத்திரி மேடையில் யார் யார் நின்றார்கள் என்றும் பார்க்க வேண்டும்.

தென்னாப்பிரிக்காவிலிருந்து மட்டும் இரண்டு பெண்கள் வந்திருந்தார்கள். ஒருவர் ஜிலியன் ஜெசப், வெள்ளைக்காரர். அவருடைய தோள்பட்டையில் 'மிஸ் சவுத் ஆப்பிரிக்கா' என்று எழுதியிருந்தது. இன்னொருவர் பேர்ல் ஜான்சன். அந்த நாட்டுச் சட்டம் 'கலப்பினம்' என்று முத்திரை குத்திய பெண். அவருடைய பட்டையில் 'மிஸ் ஆப்பிரிக்கா சவுத்'. நாட்டின் பெயரைத் திருப்பிப் போட்டு ஒரு சேரி உண்டாக்கிவிட்டார்கள்! அவரைக் கூட்டி வந்ததும் பெருந்தன்மையால் அல்ல. அந்த வருசம்தான் நிறவெறி எதிர்ப்பாளர்களின் போராட்டத்தால் தென்னாப்பிரிக்கக் கிரிக்கெட் அணியின் இங்கிலாந்துப் பயணம் ரத்தானது. அடுத்த அடி நம் மேல் விழும் என்று பயந்து கூட்டி வந்தார்கள்.

யோசித்துப் பாருங்கள். லண்டன் மேடையில் இருவரும் நீச்சலுடையில் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். சொந்த நாட்டில் அதே நீச்சலுடையோடு ஒரே கடற்கரையில் இறங்க முடியாது. கடற்கரை தனி, பெஞ்சு தனி, பஸ் தனி, குடியிருக்கும் தெரு தனி. ஊரும் சேரியும் தெரிந்த நமக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

முடிவு வந்தது. முதலிடம் கிரெனடாவின் ஜெனிபர் ஹோஸ்டன். கரீபியன் கடலில் ஒரு சின்னத் தீவு, அப்போது சுதந்திரம்கூட வரவில்லை. விமானப் பணிப்பெண்ணாக இருந்த அவர்தான் உலக அழகிப் பட்டம் வென்ற முதல் கறுப்பினப் பெண். இரண்டாமிடம் பேர்ல் ஜான்சன். ஜிலியன் ஜெசப்புக்கு ஐந்தாமிடம். எல்லோரும் ஜெயிப்பார் என்று பந்தயம் கட்டிய ஸ்வீடன் பெண் நான்காவது.

உடனே கிளம்பியது கூச்சல். மோசடி, ஏமாற்று! நடுவர்களில் ஒருவர் கிரெனடாவின் பிரிமியர் எரிக் கெய்ரி. அதைக் கேள்வி கேட்பதில் தவறில்லை. போட்டியாளரின் நாட்டுத் தலைவர் நடுவராக உட்காரக் கூடாதுதான். ஆனால் ஒன்பது நடுவர்களில் அவர் ஒருவர். பத்திரிகைகள் விடவில்லை. போட்டியை நடத்திய ஜூலியா மோர்லி பதவி விலக வேண்டி வந்தது. கடைசியில் மதிப்பெண் அட்டைகளையே வெளியே காட்டினார்கள். ஸ்வீடன் பெண்ணுக்கு முதலிட ஓட்டு அதிகம். ஆனால் எல்லா இடங்களையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் ஹோஸ்டன்தான் முன்னால். அதன் பிறகுதான் ஜூலியா மோர்லி திரும்பப் பதவிக்கு வந்தார்.

ஸ்வீடன் பெண் ஜெயித்திருந்தால் அட்டையைக் காட்டு என்று யாராவது கேட்டிருப்பார்களா? இந்தக் குரலை நாம் எங்கேயோ கேட்டிருக்கிறோம், இல்லையா? நம் பிள்ளை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தால், நம் ஆள் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தால் 'மார்க் எவ்வளவு, எந்த வழியா வந்தான்' என்று கேட்கிற அதே குரல். மற்றவன் உட்காரும்போது அந்த நாற்காலிக்கு அட்டையே கிடையாது.

இப்போது சிக்கலுக்கு வருகிறேன். அரங்கில் மாவு எறிந்த பெண்கள் கேட்டது சரியான கேள்வி. பெண்களைப் பின்பக்கம் காட்டித் திரும்பி நிற்கச் சொல்லி மார்க் போடுவது அசிங்கம். எங்கள் சண்டை போட்டியாளர்களோடு இல்லை என்றும் அவர்கள் சொன்னார்கள். ஆனால் உள்ளே நின்ற ஹோஸ்டனுக்கு அது எப்படி இருந்திருக்கும்? நம்மை இப்போதுதான் வாசலுக்குள் விட்டார்கள். விட்ட அன்றைக்கே இந்த வீடே கூடாது என்று சத்தம் வருகிறது. இதை ஒரு வாய்ப்பாகத்தான் பார்த்தேன் என்று அவர் பின்னாளில் சொல்லியிருக்கிறார். அதை அறியாமை என்று தள்ள எனக்கு மனசு வரவில்லை.

அமெரிக்காவிலும் இதே கதைதான். 1968 செப்டம்பர் 7, அட்லாண்டிக் சிட்டி. மிஸ் அமெரிக்காப் போட்டிக்கு எதிராகப் பெண் விடுதலைக்காரர்கள் கடற்கரை நடைபாதையில் நின்றார்கள். அதே நாள், அதே ஊரில் கறுப்பின மக்கள் தங்களுக்கென்று 'மிஸ் பிளாக் அமெரிக்கா' என்று ஒரு போட்டி நடத்தினார்கள். வெள்ளை இனத்தவர் மட்டுமே கலந்துகொள்ளலாம் என்று ஒரு காலத்தில் விதியாகவே எழுதி வைத்திருந்த போட்டி அந்த மிஸ் அமெரிக்கா. ஒரு எதிர்ப்பு, அளக்காதே என்றது. இன்னொன்று, எங்களை ஏன் அளக்கக்கூட மாட்டேன் என்கிறாய் என்றது. இரண்டும் நியாயம். இரண்டும் தனித்தனியாக நடந்தன.

வாசல் திறந்ததும் எல்லாம் சரியாகிவிட்டதா? 1966இல் ஆசியாவிலிருந்து முதன்முதலாக உலக அழகியான ரீட்டா பரியா, மருத்துவம் படித்துக்கொண்டிருந்த பெண். பட்டம் வந்த கையோடு, இதே பாப் ஹோப் குழுவோடு வியட்நாமில் அமெரிக்கச் சிப்பாய்களை மகிழ்விக்க அவரைக் கூட்டிப் போனார்கள். கிரீடம் யார் தலையில் இருந்தாலும் அதன் கயிறு யார் கையில் இருந்தது என்று தெரிகிறதா?

பேர்ல் ஜான்சனைப் பாருங்கள். உலகத்தில் இரண்டாவது என்றார்கள். திரும்பிப் போன நாட்டில் ஒரு சட்டம்கூட அவருக்காக மாறவில்லை. அந்த நாட்டில் தொலைக்காட்சியே 1976 சனவரியில்தான் வந்தது. லண்டனில் கோடிப் பேர் பார்த்த அந்த ராத்திரியை அவருடைய தெருக்காரர்கள் வீட்டில் உட்கார்ந்து பார்க்க வழியில்லை. நிறத்துக்கு ஒருவராக இரண்டு பெண்களை அனுப்பும் அந்த ஏற்பாடு சில ஆண்டுகள் நீடித்தது. 1976இல் அதை எதிர்த்து இந்தியா, இலங்கை உட்படப் பல நாடுகள் போட்டியிலிருந்து விலகின. அதற்குப் பிறகுதான் தென்னாப்பிரிக்காவுக்குக் கதவு மூடியது. மறுபடி திறந்தது 1991இல், நிறவெறிச் சட்டங்கள் விழுந்தபோது. அந்தச் சட்டங்களை விழ வைத்தது கிரீடம் இல்லை. தெருவில் இறங்கியவர்களும், வேலை நிறுத்தம் செய்தவர்களும், சிறைக்குப் போனவர்களும்தான் விழ வைத்தார்கள். துன்சி மேடையில் நின்றது அதற்கும் 28 வருசம் கழித்து.

ஆகவே தங்கச்சி, உன் அழுகை தப்பில்லை. கறுப்பு என்றால் அசிங்கம், சுருட்டை முடி என்றால் அசிங்கம் என்று நம் அம்மா காலத்திலிருந்து சொன்ன பொய் ஒரு மேடையில் உடைந்தது. அதைப் பார்த்துத்தான் அழுதாய். நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். ஆனால் பொய்யை உடைத்த மேடையே நாளைக்கு இன்னொரு பெண்ணைப் பின்வரிசைக்கு அனுப்பும். குள்ளம் என்று அனுப்பும், குண்டு என்று அனுப்பும், பல் எடுப்பு என்று அனுப்பும். அளவுகோல் அவன் கையில் இருக்கிற வரைக்கும் யாரையாவது பின்னால் தள்ளிக்கொண்டேதான் இருப்பான்.

நாம் எதிர்ப்போம். ஆனால் எதிர்க்கும்போது மேடையில் நிற்கிற பெண்ணைப் பார்த்து எறிய வேண்டாம். அவள் எந்தக் கடற்கரையிலிருந்து விரட்டப்பட்டு இங்கே வந்து நிற்கிறாள் என்று முதலில் கேட்போம். கேட்டுவிட்டு, அளக்கிறவனைப் பார்த்துத் திரும்புவோம்.

அடுத்த வாரம் பள்ளி ஆண்டு விழா வருகிறது. உங்கள் பிள்ளைகளை எந்த வரிசையில் நிறுத்துகிறார்கள் என்று போய்ப் பாருங்கள். பின்னால் நிறுத்தினால் காரணம் கேளுங்கள். அங்கிருந்து தொடங்கலாம்.