நடுங்கும் நாவும் நம்பிக்கையும்

(நமது ஜமாஅத்தின் கல்விக் கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்தம் குடும்பத்தார், தோழர்கள் மீதும் உண்டாவதாக!

 

தேனாம்பேட்டையில் நமது மஹல்லாவைச் சேர்ந்த பெண்மக்கள் சிலர் தொடக்கப் பள்ளிகளில் வகுப்பு உதவியாளர்களாகப் பயிற்சி பெற்று வருகின்றனர். அவர்களுள் ஒருவரின் தகப்பனார் ஒருநாள் அஸர் தொழுகைக்குப் பின் நம்மிடம் வந்தார். "ஹஜ்ரத், பிள்ளை ஒரு வாரமாக அழுகிறாள். குழந்தைகள் முன்னால் நின்றால் வாயே திறக்க வரவில்லையாம். நின்று விடுகிறேன் என்கிறாள். ஓதுவதற்கு ஏதாவது சொல்லுங்கள்" என்றார்.

ஓதுவதற்கு இருக்கிறது. நபி மூஸா (அலை) அவர்கள் கேட்ட துஆவை தாஹா அத்தியாயத்தில் காண்கிறோம். ஃபிர்அவ்னிடம் செல்லுமாறு கட்டளை வந்தபோது, நெஞ்சை விரிவாக்கவும், காரியத்தை எளிதாக்கவும், நாவின் முடிச்சை அவிழ்க்கவும் அவர்கள் இறைவனிடம் வேண்டினார்கள். அத்துடன் நிறுத்தவில்லை. தம் சகோதரர் ஹாரூன் (அலை) அவர்களை உதவியாளராக ஆக்கித் தருமாறும் கேட்டார்கள். இதில் இரண்டு பாடங்கள் உள்ளன. அச்சம் கொள்வது இழுக்கன்று; நபிமார்களுக்கே அது நேர்ந்தது. உதவியாளர் என்பது தாழ்ந்த பதவியுமன்று. ஒரு நபி மற்றொரு நபிக்கு உதவியாளராக இருந்தார்.

இதற்கொரு சான்று நம் சென்னையிலேயே உண்டு. 1789-ல் எழும்பூரிலிருந்த ஆண் அநாதைச் சிறுவர் இல்லத்தின் பொறுப்பை ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார் ஏற்றார். நம்மூர்ப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டு, தம் பள்ளியிலும் அவ்வாறே கற்பிக்கச் சொன்னார். ஆசிரியர்கள் இணங்கவில்லை. ஆகவே ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயது மாணவனைக் கடைசி வகுப்புக்கு எழுத்துக் கற்பிக்க அமர்த்தினார். பெரியவர்கள் மறுத்ததை அச்சிறுவன் செய்து காட்டினான். 1797-ல் பெல் இதை நூலாக வெளியிட, 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்து வரை பரவியது. நம் திண்ணைப் பள்ளிகளின் சட்டாம்பிள்ளையை அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல. எல்லாம் கற்று முடித்த பின்னரே கற்பிக்கத் துணிவு வரும் என்பதில்லை. கற்பிக்கக் கற்பிக்கவே துணிவு வருகிறது.

ஆனால் துணிவு எது என்பதில் நாமே ஒருகாலத்தில் தவறியிருக்கிறோம். மத்ரஸாவில் ஓதிக்கொண்டிருந்தபோது, சிறுவர்களின் மக்தபைக் கவனிக்கும் பொறுப்பு நமக்கு வந்தது. முதல் நாள் குரல் எழும்பவில்லை, பிள்ளைகள் சிரித்தார்கள். மறுநாள் பிரம்பை எடுத்தோம். வகுப்பு அமைதியானது. அதைத் தன்னம்பிக்கை என்று எண்ணி மகிழ்ந்தோம். சில நாட்களில் ஒரு சிறுவன் வருவதை நிறுத்திவிட்டான். தேடிச் சென்றபோது அவன் தாயாரின் பின்னால் ஒளிந்து கொண்டான். அந்த முகம் இன்றும் நம்மை விட்டு அகலவில்லை. அல்லாஹ் நம்மை மன்னிப்பானாக!

தொழுகையில் அறியாமல் பேசிவிட்ட முஆவியா இப்னுல் ஹகம் (ரலி) அவர்களை நபி (ஸல்) அவர்கள் கடியவில்லை, அடிக்கவில்லை, ஏசவில்லை. தொழுகையில் பேசலாகாது என்று விளக்கினார்கள். அவர்களைவிடச் சிறந்த ஆசிரியரைத் தாம் கண்டதில்லை என்று அத்தோழரே கூறியதாக முஸ்லிம் நூலில் வருகிறது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமும் குழந்தைகளை அடிப்பதைத் தடை செய்துள்ளது. பிரம்பை நாடுவது அச்சத்தின் மறுவடிவமே.

அந்தப் பெண்ணுக்குத் தகப்பனார் மூலம் நாம் சொல்லியனுப்பியது இதுதான். துஆவை ஓதுங்கள். பிறகு பிள்ளைகளின் பெயர்களை மனனம் செய்யுங்கள். பெயர் சொல்லி அழைத்தால் குழந்தை திரும்பிப் பார்க்கும். நாளைய பாடத்தை இன்றிரவே ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். முழு வகுப்பையும் எண்ணி மலைக்காமல், பின்தங்கிய ஒரு குழந்தையின் அருகில் அமருங்கள். தெரியாததை வகுப்பு ஆசிரியையிடம் கேளுங்கள், கேட்பதில் வெட்கமில்லை.

கொரோனாவால் பள்ளிகள் மூடிக்கிடந்த பின், 2021 அக்டோபரில் தமிழக அரசு 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தைத் தொடங்கியது. மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகையில் மாலை நேரங்களில் பாடம் நடத்த முன்வந்தவர்களுள் பெரும்பாலோர் பெண்கள். ஆசிரியப் பயிற்சி இல்லாத பலர் இவ்வாறே தெருவோரத்திலும் வீட்டு வாசலிலும் பழகித் தேறினார்கள்.

ஜமாஅத் பெரியோர்களே! "இதற்கு என்ன சம்பளம்? வீட்டிலேயே இருக்கலாமே" என்று இப்பெண்களிடம் கேட்காதீர்கள். இதே தேனாம்பேட்டையில் 1955-ல் நீதிபதி பஷீர் அஹ்மத் சயீத் அவர்கள் பெண்களுக்கெனக் கல்லூரி கண்டார்கள். அந்த மண்ணில் நின்றுகொண்டு நம் பெண்மக்களின் முதல் அடியைத் தளர்த்தலாமா? கற்பிப்போருக்கு ஊக்கமளிக்கும் ஒரு சொல்லும் தர்மமே.

அந்தப் பெண்ணிடம் வகுப்பு ஆசிரியை இப்போது நான்கு குழந்தைகளை மட்டும் ஒப்படைத்திருக்கிறாராம். இன்னும் தயங்கியே பேசுகிறார் என்கிறார் தகப்பனார். ஆயினும் காலையில் அழாமல் புறப்படுகிறாராம். அல்ஹம்துலில்லாஹ், தொடக்கத்துக்கு அது போதும்.

அல்லாஹ் நம் பிள்ளைகளின் நெஞ்சங்களை விரிவாக்கி, நாவின் முடிச்சுகளை அவிழ்த்து, அவர்களால் பிறருக்குப் பயன் விளையச் செய்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.