25 வருஷமா என்ன செஞ்சீங்க மாமா?

(எபிசோடில் பேசியது, வாசிக்க வசதியாகச் சற்றுத் திருத்தப்பட்டது.)

போன மாசம் என் மாமாவுக்கு ஒரு விழா. அம்மாவோட தம்பி. கோயம்புத்தூர் பக்கம் பாதுகாப்புத் துறைக்கு உதிரி பாகம் செய்ற ஒரு கம்பெனியில் அவர் சேர்ந்து 25 வருஷம் ஆச்சு. கேக், சால்வை, கம்பெனி பேர் போட்ட சுவர்க் கடிகாரம் எல்லாம் இருந்தது. எங்க குடும்பத்தில் மைக் பிடிச்சுப் பழகினவன் நான் ஒருத்தன்தான். "நீ ரெண்டு வார்த்தை பேசு கண்ணு"ன்னு அத்தை முன்னாடி தள்ளிவிட்டாங்க.

போய் நின்ன பிறகுதான் உறைச்சது. மாமா அங்கே என்ன வேலை செய்றார்னு எனக்குத் தெரியாது. குவாலிட்டியில் இருக்கார், அவ்வளவுதான் தெரியும். எந்தப் பாகம், அது எதில் போய் உட்காருது, ஒண்ணும் தெரியாது. சின்ன வயசுல இருந்து கேட்டாலும் ஒரே பதில்தான்: "அதெல்லாம் சொல்லக் கூடாது கண்ணு." அதனால "மாமா ரொம்ப கடின உழைப்பாளி"ன்னு ஏதோ சொல்லிட்டு இறங்கிட்டேன். லிங்க்ட்இன் தானாவே எழுதித் தர்ற வாழ்த்து மாதிரி இருந்தது. அன்னிக்குப் பேசியிருக்க வேண்டியதை இன்னிக்குப் பேசுறேன்.

மாமா வேலையைப் பத்திப் பேச முடியாது. ஆனா நம்ம தலைக்கு மேல பறக்கிறதைப் பத்திப் பேசலாம். அனுப்பர்பாளையத்தில் இருந்து சூலூர் விமானப்படைத் தளம் ஒண்ணும் ரொம்ப தூரம் இல்லை. மொட்டை மாடியில் நிக்கிறப்போ வானம் கிழியிற மாதிரி சத்தம் வரும். நிமிர்ந்து பார்க்கிறதுக்குள்ள போயிருக்கும். அங்கே இருக்கிறது தேஜஸ் போர் விமானம்.

அந்தத் திட்டத்துக்கு அரசு ஒப்புதல் கொடுத்தது 1983-ல். அடுத்த வருஷம் அதுக்காகவே ஏடிஏ என்ற அமைப்பு பெங்களூரில் தொடங்கினாங்க. 1985-ல் திட்டத்தின் தலைமைக்கு வந்தவர் கோட்டா ஹரிநாராயணா. ஒடிசாவின் பெர்ஹாம்பூரில் 1943-ல் பிறந்தவர். எச்ஏஎல்லில் வேலையைத் தொடங்கிய பொறியாளர்.

இதில் என்னைப் பிடிச்சு நிறுத்தினது ரெண்டு தேதிதான். 1995 நவம்பர் 17 அன்னிக்கு முதல் விமானத்தை வெளியே கொண்டுவந்து எல்லாருக்கும் காட்டினாங்க. அது முதன்முதலா பறந்தது 2001 ஜனவரி 4. நடுவில் ஐந்து வருஷத்துக்கு மேல. செஞ்ச விமானம் கண் முன்னாடி தரையில் நிக்குது. தினமும் அதைப் பார்த்துட்டு உள்ளே போய் உட்காரணும்.

ஏன் இவ்வளவு நாள்? பல காரணம் உண்டு. எனக்குப் புரியறது மென்பொருள் பக்கம், அதனால அதைச் சொல்றேன். தேஜஸை வேணும்னேதான் நிலையில்லாத விமானமா வடிவமைச்சாங்க. அப்பதான் வேகமா வளையும், திரும்பும். உள்ளங்கையில் ஒரு குச்சியை நிறுத்திக்கிட்டு நடந்து பாருங்க, கை ஓயாம நகர்ந்துக்கிட்டே இருக்கணும். இங்கே அந்தக் கை, கணினி. விமானி ஸ்டிக்கை அசைச்சா அது நேரா இறக்கைக்குப் போகாது. மின் சிக்னலா கணினிக்குப் போகும். கணினி கணக்குப் போட்டு, இறக்கையில் இருக்கிற மடல்களை அசைக்கும். ஃப்ளை-பை-வயர்னு பேரு. ஒண்ணு கெட்டாலும் விமானம் பறக்கணும், அதனால ஒரே வேலையை நாலு சேனல் தனித்தனியா செஞ்சு ஒண்ணோட ஒண்ணு ஒப்பிட்டுப் பார்த்துக்கும். நம்ம ஆப் க்ராஷ் ஆனா ஒரு சாரி மெசேஜ், ரீஸ்டார்ட், முடிஞ்சது. இங்கே அந்த வார்த்தைக்கு நிஜமான அர்த்தம் இருக்கு.

இந்தக் கட்டுப்பாட்டு அமைப்பை அமெரிக்காவின் லாக்ஹீட் மார்ட்டின் உதவியோட செஞ்சுக்கிட்டு இருந்தாங்க. நம்ம பொறியாளர்கள் அங்கே போய் உட்கார்ந்து வேலை பார்த்தாங்க. ஒரு எஃப்-16 விமானத்தில் ஏத்திப் பறக்கவிட்டுக்கூட சோதிச்சாச்சு. அப்புறம் 1998 மே, பொக்ரான் அணுகுண்டு சோதனை. அமெரிக்கா தடை போட்டது. நம்ம ஆட்கள் திரும்ப வேண்டியதாச்சு. கருவிகள் அங்கேயே நின்னுடுச்சு. ஒரு நாள் காலையில் ரெப்போவுக்கு ஆக்சஸ் இல்லை, டெஸ்ட் பண்ண மெஷின் இல்லை, உதவின ஆள் போனை எடுக்கக் கூடாதுன்னு உத்தரவு. அப்படி நினைச்சுக்கோங்க.

இங்கே வந்து, இருக்கிறதை வச்சு முடிச்சாங்க. நாட்டுப்பற்றுதான் காரணம்னு சொன்னா கைதட்டு கிடைக்கும். இருந்திருக்கலாம், இல்லைன்னு சொல்லலை. ஆனா எனக்கு வேற ஒண்ணு தோணுது. கோடு எழுதுறவங்களுக்குத் தெரியும், ஒரு இடத்தில் 0.7 போட்டிருந்தா அது ஏன் 0.8 இல்லைன்னு டாக்குமென்ட்டில் இருக்காது. அதுக்குப் பின்னாடி மூணு மாசச் சண்டை இருக்கும். அந்தச் சண்டையில் இருந்த ஆள் இன்னும் வேலையில் இருந்தா, அடுத்த அறைக்குப் போய்க் கேட்டுக்கலாம். போயிட்டா, மறுபடி அந்த மூணு மாசம்.

2001 ஜனவரி 4, விங் கமாண்டர் ராஜீவ் கோத்தியால் அதை ஓட்டினார். மொத்தம் 18 நிமிஷம்.

நான் ஆறு வருஷத்தில் நாலு கம்பெனி மாறியிருக்கேன். அதுக்காக வெட்கப்படலை. மாறினாத்தான் சம்பளம் ஏறுது, வீட்டு லோன் நிக்குது. ஆனா நான் எழுதின ஒரு சிஸ்டத்தோட ரெண்டாவது வருஷத்தைக்கூட நான் பார்த்ததில்லை. எங்கே உடைஞ்சது, யார் சரி பண்ணினாங்க, என்னைத் திட்டினாங்களா, ஒண்ணும் தெரியாது.

இன்னொரு பக்கமும் சொல்லிடறேன். ரொம்ப வருஷம் ஆனதே பெருமைன்னு ஆகிடாது. தேஜஸ் படைப்பிரிவு முதல்ல அமைஞ்சது 2016 ஜூலை 1, அதுவும் ரெண்டே விமானத்தோட. 2018-ல்தான் அந்த 45-வது பிரிவு சூலூர் வந்தது. ஒப்புதலுக்கும் அதுக்கும் 35 வருஷம். ஹரிநாராயணா ஓய்வு பெற்று எவ்வளவோ காலம் ஆச்சு. இதுக்காகச் செஞ்ச காவேரி இன்ஜின் கடைசியில் இதில் ஏறவே இல்லை, இன்னும் அமெரிக்க இன்ஜின்தான். எந்த மிக்-21-க்குப் பதிலா தேஜஸ் வரணும்னு ஆரம்பிச்சாங்களோ, அதைப் போன 2025 செப்டம்பர் வரைக்கும் ஓட்டினாங்க. தாமதத்துக்கும் ஒரு விலை இருக்கு. அதை விமானிகள்தான் கொடுத்தாங்க.

2025 நவம்பர் 21 அன்னிக்கு துபாய் ஏர் ஷோவில் ஒரு தேஜஸ் விழுந்தது. விங் கமாண்டர் நமன்ஷ் சியால் உயிரிழந்தார். சூலூரில் பணியில் இருந்தவர். முதல் பறப்புக்கு அப்புறம் 23 வருஷம் ஒரு தேஜஸ்கூட விழுந்ததில்லை. 2024 மார்ச்சில் ஜெய்சல்மர்கிட்ட ஒண்ணு விழுந்தப்போ விமானி தப்பிச்சுட்டார். இந்தத் தடவை அப்படி இல்லை. அன்னிக்கு ராத்திரி மாமா சாப்பிடலை. டிவி முன்னாடியே உட்கார்ந்திருந்தார். அவங்க கம்பெனிக்கும் அந்த விமானத்துக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டான்னு எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை.

எங்க அப்புச்சி அனுப்பர்பாளையத்தில் பாத்திரப் பட்டறையில் இருந்தவர். பித்தளை அண்டா, குடம். நாப்பது வருஷத்துக்கு மேல தட்டினார். சாயங்காலம் வீட்டுக்கு வந்தா நாம பேசுறது அவருக்குக் கேட்காது, காது அப்படி ஆயிடுச்சு. அவருக்கு யாரும் 25-வது வருஷம் கொண்டாடலை. எந்த வருஷம் வேலைக்குச் சேர்ந்தார்னு அவருக்கே தெரியாது. ஆனா ஒரு குடத்தைச் சுண்டிப் பார்த்தே, எங்கே மெலிஞ்சிருக்குன்னு சொல்லுவார். மாமாவுக்கு அந்தக் கை அப்பன்கிட்ட இருந்து வந்ததுன்னு அம்மா சொல்லுவாங்க.

இந்த எபிசோடுக்காக மாமாகிட்ட போன வாரம் மறுபடி போனேன். "என்ன செய்றீங்கன்னு சொல்ல வேண்டாம். என்ன செய்ய மாட்டேன்னு சொன்னீங்க, அதைச் சொல்லுங்க"ன்னு கேட்டேன். சிரிச்சார்.

"ஒரு மாசக் கடைசி. வண்டி வாசல்ல நிக்குது. அறுபது பீஸ். மைக்ரோமீட்டர் வச்சுப் பார்த்தா ஒரு பொடி கூட இருக்குது. பத்துல ஒண்ணுக்கு இல்லை, அறுபதுக்கும். மேனேஜர் வந்து நிக்கிறார். 'இது போதுமுங்க, போட்டுடலாம்'ங்கிறார். நான் கையெழுத்துப் போடலை."

"அப்புறம் மாமா?"

"அப்புறம் என்ன, வண்டி காலியா போச்சு. மறுபடி செஞ்சாங்க. மூணு மாசம் அந்த மனுசன் எங்கூடப் பேசலை."

யாருன்னு கேட்டேன். விழாவில் மாமாவுக்குச் சால்வை போத்தினாரே, அவர்தான்.

உங்க வீட்டிலும் இப்படி ஒரே வேலையில் ரொம்ப வருஷம் இருக்கிறவங்க இருந்தா, இந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்க. பதிலை வாய்ஸ் நோட்டா அனுப்புங்க, பேர் சொல்ல வேண்டாம். அடுத்த வாரம் பார்க்கலாம்.