மாவும் 'நைஸ்' என்ற சொல்லும்

நல்ல மனிதர், நல்ல படம், நல்ல காபி, எதற்கும் 'நைஸ்' என்று சொல்லிவிடுகிறோம். எழுநூறு ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தில் ஒருவரை அப்படிச் சொல்லியிருந்தால் சண்டைக்கே வந்திருப்பார். அன்று அந்தச் சொல்லுக்கு 'மடத்தனமான' என்றுதான் பொருள்.

லத்தீனில் 'ஸ்கீரே' என்றால் அறிதல். முன்னால் 'நெ' என்ற மறுப்பு சேர்ந்து 'நெஸ்கியுஸ்' ஆனது: அறியாதவன். அது பழைய பிரெஞ்சில் தேய்ந்து, 1300 வாக்கில் ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. 'சயன்ஸ்' பிறந்ததும் அதே ஸ்கீரேயிலிருந்துதான். இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும்.

அப்புறம் கூச்சமுள்ள, எதிலும் ரொம்பப் பார்க்கிற என்றெல்லாம் அலைந்து, 16-ஆம் நூற்றாண்டில் 'நுணுக்கமான' என்ற பொருளுக்கு வந்தது. இங்கே கொஞ்சம் நிற்போம்.

மொழிபெயர்ப்பு என் தொழில். ஆரம்ப நாளில் ஒரு சட்டக் கட்டுரையில் 'நைஸ் டிஸ்டிங்ஷன்' என்று வந்ததை 'இனிய வேறுபாடு' என்று எழுதிவிட்டேன். மெய்ப்புப் பார்த்த பெரியவர் பென்சிலால் அடிக்கோடிட்டு, "வேறுபாட்டுல என்னப்பா இனிப்பு? மயிரிழை வித்தியாசம்னு போடு" என்றார். அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது.

அன்று மாலை வீட்டுக்குப் போனேன். கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா தோசை மாவை வழித்தெடுத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தேய்த்துப் பார்த்தார். ஒரு குருணை நெருடியது போலிருக்கிறது. "இன்னும் நைஸா ஆகலை" என்று மறுபடி ஓடவிட்டார். காலையில் நான் தவறவிட்ட பொருள் அம்மாவின் விரல் நுனியில் இருந்தது! ஆங்கிலத்தில் சட்டம், தர்க்கம் என்று ஒதுங்கிவிட்ட அந்தப் பொருள், நம் அடுக்களையில் தினமும் புழங்குகிறது. 'நைஸா நழுவிட்டான்' என்கிறோமே, அதிலும் சத்தம் காட்டாத நுணுக்கம்தானே?

'இனிமையான' என்ற இன்றைய பொருள் 18-ஆம் நூற்றாண்டில்தான் ஊன்றியது. கண்டதற்கெல்லாம் இந்தச் சொல்லைப் போடுகிற வழக்கத்தை, 1817 இறுதியில் வெளியான ஜேன் ஆஸ்டினின் 'நார்த்தாங்கர் அபே' நாவலில் ஹென்றி என்ற பாத்திரம் அழகாகக் கேலி செய்யும். நேரம் நெருங்கிவிட்டது, நாவலை நீங்களே தேடிப் படிப்பீர்கள் என்று நம்புகிறேன். நாளைக்கு மாவு அரைக்கிற வீடுகளில், விரலில் தேய்த்துப் பார்க்கும்போது என்னையும் நினைத்துக்கொள்ளுங்கள்.