கல்லறையைக் காத்தது கல் அல்ல

(சங்கத்தின் கிளைக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எகிப்துக்குப் போய் வந்ததைப் பற்றிப் பேச வேண்டும் என்று நமது செயலாளர் கேட்டுக்கொண்டார். பிரமிட் என்றால் இன்று எல்.கே.ஜி. குழந்தைக்குக்கூடத் தெரியும். புதிதாக நான் என்ன சொல்லிவிடப் போகிறேன் என்று யோசித்தேன். நான் பி.எஸ்ஸி. பௌதிகம் படித்தவன். பிறகு முப்பத்தைந்து வருஷம் அரசாங்கக் கணக்கு வேலை. பில், வவுச்சர், மஸ்டர் ரோல், இவைதான் என் உலகம். ஆகவே ஒரு கணக்குக்காரன் கண்ணில் பட்ட எகிப்தை மட்டும் சொல்கிறேன்.

2023 ஜனவரியில் ஐந்து நண்பர்கள் கிளம்பினோம். ரயில்வேயில் எஞ்சினியராக இருந்தவர், ரசாயனப் பேராசிரியர், வங்கி மேலாளர், டாக்டர், நான். மூன்று பேர் மனைவியுடன் வந்தார்கள். டாக்டரைத் தவிர மற்ற எல்லோருக்கும் எழுபது தாண்டிவிட்டது. சாப்பாடு பற்றி மாமிகள் நிச்சயம் கேட்பீர்கள், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோஷரி என்று ஒன்று கிடைக்கிறது. அரிசி, மசூர் பருப்பு, மக்ரோனி, கொண்டைக்கடலை எல்லாம் சேர்த்து, மேலே பொரித்த வெங்காயமும் தக்காளிச் சாறும் போட்டுத் தருவார்கள். சுத்த சைவம். தாமியா என்பது ஒரு வகை மொச்சையை அரைத்துப் பொரித்த வடை. நம்ம ஆத்து மசால்வடைக்கு ஒன்றுவிட்ட தங்கை என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து நாளும் பட்டினி இல்லை.

கெய்ரோவில் பிரமிட்களைப் பார்த்துவிட்டுத் தெற்கே லக்ஸர் போனோம். பழைய தீப்ஸ் நகரம் இதுதான். நைல் நதியின் கிழக்குக் கரையில் தெய்வங்களின் கோவில்கள், சூரியன் அஸ்தமிக்கும் மேற்குக் கரையில் இறந்தவர்களின் கல்லறைகள். கர்னாக் கோவிலின் பெரிய மண்டபத்தில் 134 தூண்கள். நடுவில் உள்ள 12 தூண்களின் உயரம் மட்டும் சுமார் 21 மீட்டர். தலையை அண்ணாந்து பார்த்து எங்கள் கழுத்து வலித்ததுதான் மிச்சம். "இத்தனை கல்லை எப்படி ஸார் தூக்கி வைத்தான்?" என்று ரயில்வே நண்பர் கேட்டார். எனக்குத் தோன்றிய கேள்வி வேறு. தூக்கினவனுக்கு யார், எந்தத் தேதியில், எவ்வளவு கூலி கொடுத்தார்கள்?

அதற்கான பதில் மறுநாள் மேற்குக் கரையில் கிடைத்தது.

அரசர்களின் பள்ளத்தாக்கில் இதுவரை 60க்கும் மேற்பட்ட கல்லறைகள் கண்டுபிடிக்கப்பட்டிருக்கின்றன. பிரமிட் கட்டினால் திருடனுக்கு விலாசம் எழுதிக் கொடுத்தது மாதிரி ஆகிவிடும் என்று உணர்ந்தார்களோ என்னவோ, பிற்கால அரசர்கள் இங்கே மலையைக் குடைந்து தங்களை மறைத்துக்கொண்டார்கள். ஆறாம் ராம்சேஸின் கல்லறையில் கூரை முழுவதும் வான சாஸ்திரம். நூட் என்ற ஆகாய தேவதை மாலையில் சூரியனை விழுங்கி, காலையில் மறுபடி பெற்றெடுக்கிறாள். இறந்தவனின் இதயத்தைத் தராசில் வைத்து சத்தியத்தின் சின்னமான இறகுக்கு எதிராக நிறுப்பது அவர்களுடைய நம்பிக்கை. முடிவை எழுதிக்கொள்ளப் பக்கத்தில் தோத் என்ற தேவதை எழுதுகோலுடன் நிற்கும். நம் சித்ரகுப்தன்தான்! அங்கேயும் ஒரு கணக்குப் பிள்ளை இல்லாமல் மறுலோகம் நடக்கவில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை.

ஆனால் இத்தனை பாதுகாப்பான கல்லறைகளும் பெரும்பாலும் காலி. ஹோவர்ட் கார்ட்டர் 1922 நவம்பரில் கண்டுபிடித்த துட்டன்காமன் கல்லறை ஒன்றில்தான் ஏறக்குறைய எல்லாப் பொருளும் இருந்தன. அதிலும் பழங்காலத்திலேயே திருடர்கள் நுழைந்து போன அடையாளம் உண்டு. மற்ற மகாராஜாக்களின் தங்கமெல்லாம் எங்கே போயிற்று?

இதைப் புரிந்துகொள்ள, பள்ளத்தாக்குக்குப் பக்கத்தில் உள்ள தெய்ர் எல்-மெதீனா என்ற சின்ன ஊருக்குப் போக வேண்டும். சுற்றுலாக் கூட்டம் அங்கே குறைவு. கல்லறைகளைக் குடைந்து சித்திரம் எழுதியவர்களுக்காக அரசாங்கம் கட்டிய குவார்ட்டர்ஸ் அது. ஒரு மதிலுக்குள் 70க்குக் கொஞ்சம் குறைவான வீடுகள். இன்றும் அடித்தளம் வரிசையாகத் தெரிகிறது. இவர்கள் அடிமைகள் அல்ல, சம்பளக்காரர்கள். பத்து நாள் கொண்டது அவர்கள் வாரம். சாதாரணத் தொழிலாளிக்கு மாதம் ஐந்தரை மூட்டை தானியம், மேஸ்திரிக்கு ஏழரை மூட்டை. ஒரு மூட்டை சுமார் 76 லிட்டர். அதைத் தவிர மீன், காய்கறி, எண்ணெய், துணி.

இந்த ஊரில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் அதிகம். பாப்பிரஸ் விலை கூடியது. அதனால் அன்றாடக் கணக்கை உடைந்த பானை ஓட்டிலும் சுண்ணாம்புக் கல் சில்லிலும் எழுதிப் போட்டார்கள். அப்படிப்பட்ட சில்லுகள் ஆயிரக்கணக்கில் கிடைத்திருக்கின்றன. அதில் ஒன்று லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. கைடு அதன் படத்தைக் காட்டியபோது எனக்கு மெய்சிலிர்த்தது. அது ஒரு மஸ்டர் ரோல்! இரண்டாம் ராம்சேஸின் 40ஆம் ஆட்சியாண்டு. நாற்பது தொழிலாளர்களின் பெயர், ஒவ்வொருவரும் வராத தேதி கறுப்பு மையில், காரணம் அதன் மேலே சிவப்பு மையில். தேள் கொட்டியது, கண் வலி, உறவினர் சாவு, வீட்டில் பீர் காய்ச்ச வேண்டும், மேலதிகாரியின் சொந்த வேலைக்குப் போனார்! ரயில்வே நண்பர் என் தோளைத் தட்டி, "என்ன ஸார், உங்க ஆபீஸ் இங்கேயும் ஒரு பிராஞ்ச் வெச்சிருந்ததோ?" என்றார். மூவாயிரத்து இருநூறு வருஷத்தில் லீவு லெட்டர் மட்டும் மாறவே இல்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். சுமார் கி.மு. 1157, மூன்றாம் ராம்சேஸின் 29ஆம் ஆட்சியாண்டு. சம்பளத் தானியம் தாமதமாயிற்று. ஒரு மாதத்தில் 18 நாள் கடந்தும் வரவில்லை. தொழிலாளர்கள் கருவிகளைக் கீழே வைத்துவிட்டுக் காவல் சுவர்களைக் கடந்து போய், ஓர் அரசர் கோவிலின் பின்னால் உட்கார்ந்துவிட்டார்கள். பசி, துணி இல்லை, எண்ணெய் இல்லை, இதை அரசரிடம் சொல்லுங்கள் என்பதுதான் அவர்கள் கோரிக்கை. ஆமன்நக்த் என்ற எழுத்தர் இதையெல்லாம் நாள்வாரியாகக் குறித்து வைத்திருக்கிறார். அந்தப் பாப்பிரஸ் இத்தாலியில் டூரின் மியூசியத்தில் இருக்கிறது. எழுத்தில் பதிவான முதல் வேலைநிறுத்தம் இதுவே என்கிறார்கள். முந்தைய மாத பாக்கி கொடுக்கப்பட்டது. ஆனால் தாமதம் தீரவில்லை, மறுபடி மறுபடி உட்கார்ந்தார்கள்.

அதே மூன்றாம் ராம்சேஸ் கட்டிய மெதினெத் ஹாபு கோவிலை அன்று மாலையே பார்த்தோம். கோட்டை மாதிரி வாசல். போரில் வெட்டிய எதிரிகளின் கைகளைக் குவியலாகப் போட்டு எழுத்தர்கள் எண்ணுவது போல் சுவரில் செதுக்கியிருக்கிறார்கள். எதிரியின் கையை எண்ணக் கணக்கன் இருந்தான். தன் வேலைக்காரன் கைக்குத் தேதிப்படி கூலி போய்ச் சேர்ந்ததா என்று பார்க்கத்தான் ஆள் போதவில்லை.

அடுத்த நாற்பது, ஐம்பது வருஷத்தில் என்ன ஆயிற்று? ஒன்பதாம் ராம்சேஸ் காலத்தில் அரசர் கல்லறைகள் கொள்ளை போவதாகப் புகார் எழுந்தது. கிழக்குக் கரை மேயர் பாசெர் புகார் செய்கிறார். மேற்குக் கரைக்குப் பொறுப்பான மேயர் பாவெரா, எல்லாம் சரியாக இருக்கிறது என்கிறார். விசாரணைக் கமிஷன் நியமித்து, பத்து அரசர் கல்லறைகளைச் சோதித்து, ஒன்றுதான் உடைக்கப்பட்டிருக்கிறது என்று அறிக்கை கொடுத்தார்கள். இரண்டு அதிகாரிகளின் சண்டை, கமிஷன், அறிக்கை எல்லாம் படித்தபோது எனக்குப் புதிதாக ஒன்றும் தெரியவில்லை!

அதில் பிடிபட்ட ஒரு கல்தச்சனின் வாக்குமூலமும் இருக்கிறது. ஓர் அரசர், அவர் ராணி, இருவர் உடலிலிருந்தும் கழற்றிய தங்கம் 160 தெபென். அதாவது பதினான்கு கிலோவுக்கு மேல். எட்டுப் பேர் ஆளுக்கு 20 தெபென் என்று பங்கு போட்டார்கள். இவன் பிடிபட்டபோது தன் பங்கை ஓர் எழுத்தருக்குக் கொடுத்து விடுதலையானான். கூட்டாளிகள் தங்கள் பங்கிலிருந்து இவன் நஷ்டத்தை ஈடுசெய்தார்கள். திரும்பவும் தொழிலுக்குப் போனான். வேறு ஒரு வழக்கில் தெய்ர் எல்-மெதீனா ஊர்க்காரர்களே அகப்பட்டார்கள். எந்தச் சுவருக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று அவர்களைவிட நன்றாக யாருக்குத் தெரியும்?

பசிதான் எல்லாத் திருட்டுக்கும் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். அந்தக் காலத்தில் லிபிய நாட்டார் ஊடுருவல் இருந்தது, தானிய விலை ஏறியது, ஆட்சியும் தளர்ந்தது. ஆனால் என் சர்வீஸில் ஒன்று பார்த்திருக்கிறேன். ஒரு கட்டுமானத் திட்டத்தில் தினக்கூலிக்காரர்களுக்கு இரண்டு மாதம் பணம் போகவில்லை. சாங்ஷன் வரவில்லை என்று காகிதம் மேஜைக்கு மேஜை நகர்ந்தது. மூன்றாவது மாதம் சிமெண்டும் கம்பியும் குறைய ஆரம்பித்தன. வாட்ச்மேன் கூட்டினார்கள், பூட்டு மாற்றினார்கள். பாக்கியைக் கொடுத்த பிறகுதான் நின்றது. அந்தச் சம்பளப் பட்டியலும் டூரின் பாப்பிரஸும் எனக்கு ஒரே ஃபைலின் இரண்டு பக்கங்களாகத் தோன்றின.

கடைசியில் அரசர்களைக் காப்பாற்றியது யார் தெரியுமா? பிற்காலப் பூசாரிகள் சூறையாடப்பட்ட அரசர் உடல்களைச் சேகரித்து, புதுத் துணி சுற்றி, ஓர் இரகசியக் குகையில் வைத்தார்கள். மிச்சமிருந்த தங்கத்தை அரசாங்கமே எடுத்துக்கொண்டது என்பது அறிஞர்கள் பலரின் கருத்து. ஆனால் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். எந்த வருஷம், எந்த நாள், எங்கிருந்து எங்கே மாற்றப்பட்டது என்று பெட்டியின் மேல் மையால் எழுதினார்கள். 1881இல் அந்தக் குகை திறக்கப்பட்டபோது நாற்பதுக்கும் மேற்பட்ட உடல்கள் இருந்தன. இரண்டாம் ராம்சேஸ் கிடந்தது ஒரு சாதாரண மரப்பெட்டியில். தங்கம் இல்லை, கிரீடம் இல்லை. இவர்தான் அவர் என்று உலகத்துக்குச் சொன்னது ஒரு குமாஸ்தாவின் மூன்று நாலு வரிக் குறிப்பு.

அவரைக் கெய்ரோவில் தேசிய நாகரிக மியூசியத்தில் பார்த்தோம். 2021 ஏப்ரல் 3ஆம் தேதி 22 அரச உடல்களை ஊர்வலமாக அங்கே கொண்டு வந்தார்கள். 1976இல் இவரைப் பூஞ்சை சிகிச்சைக்காகப் பாரிஸுக்கு எடுத்துச் சென்று ஆராய்ந்தபோது மூக்குக்குள் மிளகு இருந்தது தெரிந்தது. மிளகு நம் மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கத்துச் சரக்கு. பேராசிரியர் உடனே, "அப்பவே நம்ம ரசப்பொடி இங்கே வந்தாச்சு" என்றார். அமைதியாக இருக்க வேண்டிய அறையில் சிரிப்பை அடக்குவது கஷ்டமாகிவிட்டது. மூன்றாம் ராம்சேஸ் உடலை ஸ்கேன் செய்து, தொண்டை அறுக்கப்பட்டிருப்பதாக 2012இல் விஞ்ஞானிகள் வெளியிட்டார்கள். அவர் கதை அப்படி முடிந்தது.

ஆனால் என் மனதில் நிற்பது ராஜாக்கள் அல்ல. தெய்ர் எல்-மெதீனாவில் சென்னெஜெம் என்ற தொழிலாளியின் கல்லறை. குறுகலான செங்குத்துப் படி. என் மனைவி முழங்காலைப் பிடித்துக்கொண்டே இறங்கினாள். கீழே ஒரு சின்ன அறை, வர்ணம் நேற்றுப் பூசியது போல இருக்கிறது. மறுலோகத்தில் அவரும் மனைவியும் வெள்ளை உடை உடுத்தி, அவர் ஏர் ஓட்ட, அவள் பின்னால் விதை தெளிக்கிறாள். அந்தக் கல்லறை 1886 வரை கலையாமல் இருந்தது. மகாராஜாக்களுக்குக் கிடைக்காத பாக்கியம். எங்கள் வங்கி நண்பர் மனைவியை இழந்து அப்போது இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அவர் அந்தச் சித்திரத்துக்கு முன்னால் வெகுநேரம் நின்றார். மேலே வந்ததும், "சேர்ந்து வேலை பண்றா, பாத்தேளா" என்று மட்டும் சொன்னார். அதற்கு மேல் நாங்கள் யாரும் பேசவில்லை.

நண்பர்களே, கல்லறையைக் காத்தது கல் அல்ல, மந்திரம் அல்ல, சாபமும் அல்ல. கூலி ஒழுங்காகப் போன வரை காவல் இருந்தது. கூலி நின்றபோது காவலும் போயிற்று. எல்லாம் போன பிறகு மிஞ்சியது, யாரோ ஒருவர் உண்மையாக எழுதி வைத்த கணக்கு.

நாம் ராஜாக்கள் இல்லை. ஆனால் நம் வீட்டிலும் வேலை செய்கிறவர் உண்டு. நம் விசேஷங்களுக்குச் சமைக்க வருகிறவர், பரிமாறுகிறவர், வைதிக காரியம் செய்து வைக்கிறவர் உண்டு. அடுத்த வாரம் வாங்கிக்கொள்ளுங்கள் என்று அவர்களிடம் சொல்ல வேண்டாம். வேலை முடிந்த அன்றே கொடுத்துவிடுவோம். இன்னொன்று, வீட்டில் பரணில் இருக்கும் பழைய போட்டோக்களின் பின்னால் யார், எந்த ஊர், எந்த வருஷம் என்று பென்சிலால் எழுதி வையுங்கள். தர்ப்பணத்தில் மூன்று தலைமுறைப் பெயர் சொல்கிறோம். முகம் பார்த்துச் சொல்லத் தெரிந்தவர்கள் இன்னும் எத்தனை நாள் இருப்பார்கள்?

போக நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நவம்பர் முதல் பிப்ரவரி வரை போங்கள், முழங்கால் ஒத்துழைக்கும்போதே போங்கள். துட்டன்காமன் பொக்கிஷம் இப்போது 2025 நவம்பரில் திறந்த கிராண்ட் எகிப்தியன் மியூசியத்தில் இருக்கிறது. லக்ஸரில் அரை நாளையாவது தெய்ர் எல்-மெதீனாவுக்கு ஒதுக்குங்கள்.