பிரிந்த பெற்றோரும் பிள்ளையின் பொறுப்பும்

(வாழப்பாடி ஊராட்சி ஒன்றியத்தில் மகளிர் குழுவினரும் ஊராட்சி உறுப்பினர்களும் கூடிய கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



சாலை, குடிநீர், தெருவிளக்கு ஆகியவற்றைப் பற்றியே இத்தகைய கூட்டங்களில் நாம் பேசுவது வழக்கம். இன்று வீட்டுக்குள் நிகழும் ஒரு காரியத்தைப் பற்றிப் பேச முன்வந்திருக்கிறோம். கணவனும் மனைவியும் பிரிந்து வாழ்வதென்று முடிவாகிவிட்ட பிறகு, அவர்கள் பெற்ற குழந்தையை இருவரும் எவ்வாறு பேணுவது என்பதே அது. இஃது அவரவர் சொந்த விஷயம் அன்றோ எனச் சிலர் கேட்கலாம். அங்கன்வாடிக்கு வராமல் நின்றுவிட்ட குழந்தையும், ஆண்டின் நடுவில் ஊர் மாறிப் படிப்பை விட்டுவிட்ட சிறுவனும் ஊருக்கும் பொறுப்பானவர்களே.

நம் பக்கத்தில் தம்பதிகள் பிரியும்போது இரு வீட்டுப் பெரியவர்களும் கூடிப் பேசுகிறார்கள். போட்ட நகை எவ்வளவு, கொடுத்த சீர் என்ன என்று பாத்திரம் பண்டம் வரையில் கணக்கிட்டு எழுதுகிறார்கள். குழந்தையைப் பற்றியோ, "தாயிடம் இருக்கட்டும்" என்றோ, "தகப்பன் வீட்டிலேயே வளரட்டும்" என்றோ ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். பின்னால் எழும் சச்சரவுகளில் பல, அந்த ஒரு வரியில் எழுதாமல் விட்டவற்றால் வருபவையே.

அண்ணன் தம்பிகள் பாகம் பிரித்துக்கொள்ளும் விதத்தை எண்ணிப் பாருங்கள். காட்டை அளந்து பிரிக்கிறார்கள். கிணறு பொதுவில் நிற்கிறது. யாருக்கு எந்த நாளில் தண்ணீர் முறை, மோட்டார் பழுதானால் செலவு யாருடையது என்பதைப் பத்திரத்திலேயே எழுதிவிடுகிறார்கள். குழந்தை பங்கிடும் பொருளன்று. ஆயினும் கிணற்றுக்குக் காட்டும் முன்யோசனையைப் பெற்ற பிள்ளைக்குக் காட்டலாகாதா?

சட்டமும் இவ்வழியையே காட்டுகிறது. 1956 ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டத்தின்படி, ஐந்து வயது நிறையாத குழந்தை பெரும்பாலும் தாயிடமே இருத்தல் வேண்டும். எந்த வயதிலும் குழந்தையின் நலனே தலையாயது. தந்தை உயிரோடிருக்கும்போதும் தாய் இயற்கைக் காப்பாளராக இருக்கக்கூடும் என்று 1999 ஆம் ஆண்டில் கீதா ஹரிஹரன் வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியது. 2015 ஆம் ஆண்டில் மத்திய சட்ட ஆணையம் தனது 257 ஆம் அறிக்கையில், தக்க இடங்களில் பெற்றோர் இருவரும் சேர்ந்து பொறுப்பேற்கும் முறையைப் பரிந்துரைத்தது. பெற்றோர் இருவரின் அன்பையும் பெறுவது குழந்தையின் உரிமை என்று 2020 ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் மீண்டும் வலியுறுத்தியது.

அப்படியானால் எழுத வேண்டியவை யாவை? முதலாவது, நாட்கள். பள்ளி நாட்களில் குழந்தை எங்கே, விடுமுறையிலும் பொங்கலிலும் எங்கே, யார் அழைத்துச் சென்று யார் திரும்ப விடுவது என்பன. குச்சிக்கிழங்கு அறுவடை, பாக்கு உரிப்பு ஆகிய வேலைகள் மிகுந்த காலத்திற்கேற்ப நாட்களை மாற்றிக்கொள்ளவும் இடம் வைக்க வேண்டும். இரண்டாவது, பள்ளி. ஆண்டின் நடுவில் மாற்றுவதில்லை என்றும், மாற்றுச் சான்றிதழை ஒருவர் மட்டும் கேட்டு வாங்குவதில்லை என்றும் எழுதலாம். மூன்றாவது, செலவு. மாதத் தொகை எவ்வளவு, எந்தத் தேதியில், மருத்துவச் செலவில் யார் பங்கு எவ்வளவு என்பன. நான்காவது, பேச்சு. மற்றவர் தொலைபேசியில் அழைத்தால் குழந்தையைப் பேசவிடுவதும், குழந்தையின் எதிரில் ஒருவரையொருவர் இழித்துப் பேசாமையும். ஐந்தாவது, தாத்தா பாட்டியரைக் காணும் வாய்ப்பு. ஏழெட்டு வயதுப் பிள்ளையின் விருப்பத்தையும் கேட்டறிவது நன்று. ஆனால் "அம்மா வேண்டுமா, அப்பா வேண்டுமா" என்று பஞ்சாயத்தின் நடுவில் நிறுத்திக் கேட்பது கொடுமை.

ஒன்றை அழுத்திச் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம். பணம் வரவில்லை என்பதற்காகப் பிள்ளையைக் காட்ட மறுப்பதும், பிள்ளையைக் காட்டவில்லை என்பதற்காகப் பணத்தை நிறுத்துவதும் தகாதவை. இரண்டும் குழந்தைக்கு உரியவை. ஒன்றுக்கு ஒன்று ஈடாகா.

அடி உதை உள்ள வீட்டுக்கு இந்த ஏற்பாடு பொருந்தாது. அங்கே சேர்ந்து வளர்க்கும்படி யாரும் கட்டாயப்படுத்தலாகாது. 2005 ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி, குழந்தையைத் தற்காலிகமாகத் தாயிடம் ஒப்படைக்கவும், தீங்கு நேருமெனில் சந்திப்பை மறுக்கவும் நீதிபதிக்கு அதிகாரம் உண்டு. 181 என்னும் எண்ணில் மகளிரும், 1098 என்னும் எண்ணில் குழந்தைகளும் உதவி கேட்கலாம்.

ஊரில் எழுதிய காகிதம் நீதிமன்ற ஆணைக்கு ஈடாகாது. குழந்தையின் நலனுக்கு ஒவ்வாத உடன்பாட்டை நீதிமன்றம் மாற்றவும் கூடும். ஆதலால் எழுதியதை நீதிமன்றத்தில் முறைப்படி ஆணையாகப் பெறுவதே பாதுகாப்பு. 1987 ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி, மகளிருக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் எவ்வளவாயினும் இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்னும் எண்ணில் கேட்டறியலாம்.

மகளிர் குழுச் சகோதரிகளும் ஊராட்சி உறுப்பினர்களும் இனி இத்தகைய பேச்சுக்கு அழைக்கப்பட்டால், நகைக் கணக்கை எடுப்பதற்கு முன் பிள்ளையின் கணக்கை எடுக்குமாறு கேளுங்கள். அது முடியும் வரையில் மற்றது காத்திருக்கலாம்.