பன்னிருவர் சோதனை



மன்னார்த் தீவுக்குத் தெற்கே, அரிப்பு, சிலாவத்துறை, கொண்டச்சி, மறிச்சுக்கட்டி என்னும் கரையோர ஊர்களுக்கு எதிரே, கடலடியில் முத்துப் பார்கள் பரந்து கிடக்கின்றன. சலாபம் நடந்த காலங்களில் குளிகாரரும் வணிகரும் பல நாடுகளிலிருந்து அங்கு வந்து கூடினர். வெறும் மணல்வெளியிலே ஒரு நகரம் எழுந்து, சில வாரங்களில் மறைந்தது. அந்த ஆரவாரத்தைப் பற்றிப் பேசியவர் பலர். அதற்கு முன்னர் அமைதியாக நடந்த சோதனையைப் பற்றிப் பேசியவர் சிலரே.

சலாபத்தை அறிவிக்குமுன் அரசாங்கத்தார் பார்களுக்குத் தோணி அனுப்புவர். குளிகாரர் இறங்கி, மாதிரிச் சிப்பிகளை எடுத்து வருவர். அவற்றை எண்ணி, அழுகவிட்டுக் கழுவி, கிடைத்த முத்துக்களைத் துளையளவு வேறுபட்ட பித்தளைப் பெட்டிகளில் அரித்துத் தரம் பிரித்து, ஆயிரம் சிப்பிக்கு இத்தனை ரூபாய் பெறும் என்று மதிப்பிடுவர். மதிப்புப் போதுமாயின் சலாபம் கூறப்படும். போதாதாயின் பொறுத்திருத்தல் வேண்டும். 1891ஆம் ஆண்டுக் குளிப்பின் பின் 1903 வரை மறுகுளிப்பே இல்லை.

1902இல் இப்பார்களை ஆராய வந்த பேராசிரியர் ஹெர்ட்மன் பெரியபாரிலே ஒரு விந்தையைக் கண்டார். அங்கு இளஞ்சிப்பிகள் மீண்டும் மீண்டும் பெருந்தொகையாக வந்து படிந்தும், முதிருமுன்னரே அழிந்துபோயின. சோழகக் காற்றுக் காலத்துக் கடற்கொந்தளிப்பே காரணம் என்று அவர் கருதினார். ஆகவே, எத்தனை சிப்பி உண்டு என்று ஒருநாள் எண்ணிப் பார்ப்பது சோதனை ஆகாது. அவை ஒரு பருவத்தைத் தாங்கி நிற்குமா என்று பார்ப்பதே சோதனை.

நேயர்களே, இதே நியாயம் இன்று கைத்தொலைபேசி உலகில் ஒரு விதியாக வந்திருக்கின்றது. அன்றொயிட் கைத்தொலைபேசிகளுக்குரிய செயலிகளைப் பொதுமக்களுக்கு வழங்கும் பெருஞ் சந்தை கூகிள் பிளே என்பது. 2023 நவம்பர் 13ஆந் திகதிக்குப் பின் அங்கே தனியாள் கணக்குத் திறந்தவர், தம் செயலியை உடனே சந்தைக்கு விட இயலாது. முதலில் அழைக்கப்பட்டோர் மாத்திரம் பயன்படுத்தும் மூடிய சோதனை நடைபெறல் வேண்டும். ஆரம்பத்தில் இருபது சோதனையாளர் தேவைப்பட்டனர். 2024 டிசம்பரில் அத்தொகை பன்னிரண்டாகக் குறைக்கப்பட்டது. அப்பன்னிருவரும் 14 நாள்கள் இடையறாது சோதனையில் இணைந்திருத்தல் வேண்டும். அதன் பின்னரே வெளியீட்டு அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். சோதனையாளரை எவ்வாறு சேர்த்தீர், அவர்கள் கூறிய குறைகள் யாவை, நீர் செய்த திருத்தங்கள் எவை என்று விண்ணப்பத்திலே கேட்பார்கள். நிறுவனங்களின் பெயரால் திறக்கப்படும் கணக்குகளுக்கு இவ்விதி இல்லை.

தனியே உழைக்கும் இளைஞனுக்கு இது பாரமே. ஆதலால் குறுக்கு வழியும் தோன்றிவிட்டது. முன்பின் அறியாதவர் இணையத்திலே கூடி, 'என் செயலியை நீ இறக்கு; உன்னுடையதை நான் இறக்குகிறேன்' என்று பண்டமாற்றுச் செய்கின்றனர். தொகை நிரம்பும், நாள் கழியும், ஒருவரேனும் செயலியைத் திறந்து பயன்படுத்தியிருக்கமாட்டார். கடற்கரையில் ஒதுங்கிய வெற்றோடுகளைப் பொறுக்கி வந்து, பாரிலிருந்து எடுத்த மாதிரி என்று காட்டுவதற்கு இஃது ஒப்பானது.

இதனால் என்ன கேடு என்று கேட்கலாம். பேசாலையிலே ஓர் இளைஞன், காற்றின் திசையையும் வேகத்தையும் கடற்றொழிலாளருக்குக் காட்டும் செயலி ஒன்றைச் செய்கிறான் என வைத்துக்கொள்வோம். அவனுடைய மேசையில் அது பிழையின்றி இயங்கும். வள்ளத்திலோ வெயில் கண்ணாடித் திரையில் பட்டு எழுத்தை மறைக்கும். ஈரவிரலுக்குத் திரை இணங்காது. பழைய கைத்தொலைபேசியில் தமிழெழுத்துச் சிதையும். 'தென்மேற்கு' என்று எழுதியிருப்பதைக் கண்ட முதியவர், 'தம்பி, சோழகம் என்று போட்டால் என்ன?' என்று கேட்பார். இவை சிறு குறைகள்.

பெருங்குறை வேறொன்று. கரையை விட்டு நெடுந்தூரம் சென்றபின் தொலைபேசித் தொடர்பு அறுந்துவிடும். அப்போது அச்செயலி, தான் கடைசியாகப் பெற்ற செய்தியையே திரையில் வைத்திருக்குமாயின், நேற்றைய காற்றை இன்றைய காற்றென்று காட்டும். அதனை நம்பிய வள்ளம் எங்கே போய்ச் சேரும்? இக்குறை மேசையிலே தெரியாது. ஒரே நாளிலும் தெரியாது. நாள்தோறும் கடலுக்குச் சென்று வருகின்ற பன்னிருவர் இரு வாரங்கள் கையாண்டாலன்றி வெளிப்படாது. பன்னிருவரும் பதினான்கு நாளும் வேண்டப்படுவதன் பயன் இதுவே.

ஆதலால் அவ்விளைஞன் தன் ஊர்ச் சம்மாட்டியாரிடமும் தொழிலாளரிடமும் செல்லட்டும். சோதனை முடியுமட்டும் வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவித்தலையே நம்புமாறு அவர்களுக்குச் சொல்லட்டும். மாலைதோறும் கரைக்குச் சென்று, அவர்கள் கூறுவதைக் குறித்துக்கொள்ளட்டும். ஒன்பதாம் நாள் ஒருவர் செயலியைத் திறப்பதை நிறுத்திவிட்டால் மனம் நோகாமல் காரணம் கேட்கட்டும். பாராட்டியவர் பதினொருவரினும், கைவிட்ட அந்த ஒருவரிடமே அவன் அதிகம் கற்பான்.

இறுதியாக ஒன்று. 1903 முதல் ஆண்டுதோறும் குளிப்பு நடந்ததைக் கண்டு, 1906இல் ஒரு கம்பனியார், ஆண்டொன்றுக்கு மூன்று இலட்சத்துப் பத்தாயிரம் ரூபாய் என்று பேசி, இப்பார்களை இருபது ஆண்டுகளுக்குக் குத்தகைக்கு எடுத்தனர். 1907இன் பின் பார்கள் வெறுமையாயின, கம்பனியும் நொடிந்தது. முன்னை விளைவு பின்னைக்குப் பிணையாகாது. செயலிக்கு வெளியீட்டு அனுமதி ஒருமுறை கிடைத்தபின், அடுத்தடுத்த திருத்தங்களுக்கு மீண்டும் பன்னிருவரைக் கொண்டுவா என்று அவ்விதி கேட்பதில்லை. ஆயினும் அந்தப் பன்னிருவரை விட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு திருத்தத்தையும் முதலில் அவர்கள் கையிலே கொடுத்துக் கேளுங்கள். விதி கேளாவிட்டாலும் கடல் கேட்கும்.