பீரங்கி இருக்கு, மாடு எங்கே?

போன எபிசோட்ல டேபிள்டாப் வார்கேம் பத்திப் பொதுவா பேசினோம். இன்னைக்கு ஒரே ஒரு கிட்: 18ஆம் நூற்றாண்டு ஆறு பவுண்டர் பீரங்கி, 28 மில்லிமீட்டர் ஸ்கேல். ஒரு குழல், அதைத் தாங்குற வண்டிச்சட்டம், ரெண்டு சக்கரம், நாலு பீரங்கிக்காரங்க. மொத்தமும் உள்ளங்கையில அடங்கிடும்.

ஏன் இந்த கிட்? பெரம்பலூர்ல இருந்து சென்னை ரோட்ல போனா ரஞ்சன்குடி கோட்டை வருது இல்லையா, அங்க 1751ல நடந்த சண்டைக்காக. ஆற்காடு நவாப் பதவிக்குப் போட்டி. சந்தா சாகிப் பக்கம் பிரெஞ்சுக்காரங்க, முகமது அலி பக்கம் ஆங்கிலேயக் கம்பெனி. வாலிகண்டபுரம் பேரை ஆங்கிலேயர்கள் வால்கொண்டான்னு எழுதி வச்சாங்க.

இங்க முகமது அலி தரப்பு ஜெயிச்சதா சில இடங்கள்ல படிச்சிருப்பீங்க. கிளைவோட நண்பரான ராபர்ட் ஓர்ம் 1763ல வெளியிட்ட வரலாறு வேற கதை சொல்லுது. கேப்டன் ஜின்ஜன் தலைமையில இருந்த ஐரோப்பிய சிப்பாய்கள் பயந்து கலைஞ்சு ஓடினாங்க. கிளைவ் உட்பட அதிகாரிகள் தடுத்தும் நிக்கல. கடைசியில படை திருச்சிக்குப் பின்வாங்கிடுச்சு. அதே வருஷம்தான் கிளைவ் 200 ஐரோப்பியர், 300 சிப்பாய்கள், 3 சின்ன பீரங்கிகளோட ஆற்காட்டுக்குப் போனார்.

சரி, கிட்டுக்கு வருவோம். ரெசின் குழல் பாக்கெட்லயே வளைஞ்சிருந்தது. கவலை வேண்டாம், சுடுதண்ணில முக்கி எடுத்து, நிமிர்த்தி, உடனே பச்சத்தண்ணில போட்டா நின்னுடும். பிரைமர்ல மட்டும் கவனம். நம்ம ஊர் மே மாச மொட்டை மாடில மத்தியானம் ஸ்பிரே அடிச்சேன். பெயின்ட் காத்துலயே காய்ஞ்சு மணல் மாதிரி ஒட்டிக்கிச்சு. காலைல ஆறு மணிக்கு அடிங்க.

அடுத்தது ஸ்கேல் கணக்கு. 28 மி.மீ. பொம்மையை 1:56னு வச்சுக்கிட்டா, 1,000 கஜ தூரம் மேசைல 16 மீட்டர் ஆகுது. என் மேசையே ஆறடிதான்! அதனால பொம்மைக்கு ஒரு ஸ்கேல், தரைக்கு ஒரு ஸ்கேல். பெரும்பாலான வார்கேம் ரூல்கள் இப்படித்தான் சமாளிக்குது.

எல்லாம் முடிச்சு தாத்தாகிட்ட காட்டினேன். அந்தக் காலத்துல சின்ன வெங்காயம், பருத்தி மூட்டை ஏத்தி வண்டி ஓட்டினவர். திருப்பித் திருப்பிப் பாத்துட்டு ஒண்ணே ஒண்ணு கேட்டார்: "ஏன்டா, இதை இழுத்துட்டு வந்த மாடு எங்க?"

எனக்குப் பதில் வரல. ஐரோப்பிய செட்டுகள்ல பீரங்கி இழுக்கக் குதிரைதான் வரும். கர்நாடகப் போர்கள்ல இழுத்தது மாடுகளும், வடம் பிடிச்ச லஸ்கர்களும். மாடுகள் பெரும்பாலும் வாடகைக்கு வந்தவை, கூடவே மாட்டுக்காரரும் வருவார். குண்டு விழுந்தா அவர் மாட்டை அவுத்துட்டுப் போயிடலாம். அவர் போயிட்டா பீரங்கி அங்கேயே கிடக்க வேண்டியதுதான்.

சிறுவாச்சூர் கோயில் கடைல பொம்மை மாடு வாங்கிப் பாத்தேன், ரெண்டு மடங்கு உயரம். கடைசியில 25 மி.மீ. உயரத்துல நாலு மாடு நானே டிசைன் பண்ணி பிரின்ட் எடுத்தேன். நுகத்தடி தப்புன்னு தாத்தா ரெண்டு தடவை திருப்பி அனுப்பினார்.

இப்போ எங்க கேம்ல ஒரு புது ரூல்: பீரங்கிக்கு ஆறு அங்குலத்துக்குள்ள குண்டு விழுந்தா பகடை உருட்டணும். 1 இல்ல 2 விழுந்தா மாட்டுக்காரர் போயிட்டார். போன ஞாயித்துக்கிழமை சந்தா சாகிப்பா ஆடின அரியலூர் நண்பன் அப்படித்தான் என் ரெண்டு பீரங்கியையும் பிடிச்சான். ஒரு சிப்பாயைக்கூட இழக்காம தோத்தேன்.

வரலாறு ஜின்ஜன் பேரையும் கிளைவ் பேரையும் வச்சிருக்கு. நம்ம ஊர் மண்ணுல அந்த மாடுகளை ஓட்டின யார் பேரையும் வைக்கல. அடுத்த தடவை கோட்டைக்குப் போனா, மேல ஏறினதும் செல்ஃபிக்கு முன்னாடி கீழ வயலைக் கொஞ்சம் பாருங்க.

நாலு மாட்டோட பிரின்ட் ஃபைலும் இந்த எபிசோடோட இலவசமா இருக்கு, எடுத்துக்கோங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.